ஓட்டை போட்ட அட்டை

பென்சிலைச் சீவி, முனையை ஊதிக் கையில் கொடுத்துவிட்டு, "அவசரமே இல்லம்மா, நெதானமாப் போடு" என்று சொல்லி மகள் பியூலா எதிர் மேஜைக்குப் போய்விட்டாள். போனவள் ஒரு புத்தகத்தைத் திறந்து குனிந்துகொண்டாள், நிமிரவில்லை. எழுதுகிறவரைப் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாதாம், அது இந்தச் சோதனையின் முறையாம். அன்னபாக்கியம் முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் போர்த்திக்கொண்டாள். மேலே எங்கிருந்தோ குளிர்காற்று நேராகப் பிடரியில் விழுந்தது. வெளியே அவ்வளவு வெயில். பஸ்ஸை விட்டு இறங்கிப் பல்கலைக்கழக வாசலிலிருந்து நூலகம்வரை நடந்ததில் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது, இப்போது அந்த ஈரமே குளிர்ந்துபோய் யாரோ நனைந்த துணியை முதுகில் விரித்த மாதிரி இருக்கிறது. அவருக்கும் இப்படித்தானே இருக்கும், படுக்கை நனைந்து கிடக்கும்போது. மைனி பார்த்து மாற்றுவாளா. கனகமணி மைனி அவருக்குக் கூடப் பிறந்த அக்காதான், ஆனாலும் தம்பிக்கு டயப்பர் மாற்ற அக்காவுக்குக் கை கூசாதா. "போய்ட்டு வாளா, ஒரு மத்தியானத்துல என் தம்பிய நான் முழுங்கிற மாட்டேன்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். முழுங்க மாட்டாள். ஆனால் கஞ்சியைக் கரண்டியில் கொஞ்சமாக எடுத்து, இடது கன்னத்துப் பக்கமாக விட்டு, தொண்டை ஒரு தரம் ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி என்று சொன்னதற்கு, "எனக்குத் தெரியாதா" என்றாளே, அந்தத் தெரியாதாதான் பயமாக இருக்கிறது.

தாளின் மேலே பெயர் எழுத இடமில்லை. பெயர் கேட்க மாட்டார்களாம், ஒரு எண் மட்டும் போடுவார்களாம். வயது, படிப்பு, வீட்டில் யாரைக் கவனிக்கிறீர்கள், என்ன நோய், எவ்வளவு காலமாக, இதையெல்லாம் பியூலாவே நிரப்பி வைத்திருந்தாள். எட்டாம் வகுப்பு. கணவர். பக்கவாதம். நான்கு வருடம். அந்தக் கணவர் என்ற சொல்லின் மேல் அன்னபாக்கியத்தின் கண் போய் நின்றது. அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு பஸ் டிப்போவுக்குச் சோற்றுத் தூக்கோடு ஓடின பிள்ளை, கணவர் என்று எழுதியிருக்கிறது, யார் வீட்டுக் கணவரையோ எழுதுகிற மாதிரி. எழுத்து மட்டும் அதே குண்டு எழுத்து. படிப்பு இப்படித்தான் எழுதச் சொல்லும் போலிருக்கிறது. ஆரம்பத்தில், "நான் வாசிச்சுச் சொல்லட்டுமாம்மா, கண்ணாடி கொண்டுவந்திருக்கியா" என்று கேட்டதற்கு, "எட்டாங்கிளாஸ் பாஸ் பண்ணிருக்கேன்ட்டி, எனக்கு வாசிக்கத் தெரியும்" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வாங்கியது ரோஷத்தில் இல்லை. மகள் வாசித்துத் தான் பதில் சொல்ல வேண்டும் என்றால் வாய் திறக்க வேண்டும். வாய் திறந்தால் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்.

இந்தச் சோதனையைத் தேடிப் பிடிக்கவே அவளுக்கு ஒரு மழைக்காலம் ஓடிவிட்டது. ஹாஸ்டலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்துவிட்டு, அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே அதைத்தான் சொல்வாள். கம்ப்யூட்டரில் தேடினால் கட்டுரை கட்டுரையாக வருமாம். எல்லாக் கட்டுரையிலும் இந்தச் சோதனையை வைத்துப் பார்த்தோம், இன்னின்ன தெரிந்தது என்று இருக்குமாம், சோதனை மட்டும் இருக்காதாம். "கல்யாண வீட்டுல சாப்ட்டு வந்தவன் பிரியாணி பிரமாதம்னு சொல்லுத மாதிரிம்மா. பசிச்சவளுக்கு அதுல என்ன இருக்கு" என்று சிரிப்பாள். சிரிக்கும்போது கண்ணுக்குக் கீழே கறுப்பாக இருக்கும். கடைசியில் இந்த நூலகத்து சண்முகவடிவு மேடம்தான், யாராவது இதை வைத்து முன்பு ஆராய்ச்சி செய்திருந்தால் அவர்கள் ஏட்டின் கடைசிப் பக்கங்களில் சேர்த்திருப்பார்கள், அங்கே பார் என்றாளாம். பார்த்தால் ஒரு பழைய ஆய்வேட்டின் பின்னால் கேள்விகள் முழுதாக இருந்தன. பதில் தாளின் மேல் வைத்துத் திருத்துகிற, ஓட்டை போட்ட அட்டைகள் இந்த நூலகத்து பீரோவின் அடித்தட்டில் ஒரு டப்பாவுக்குள் கிடந்தன. அப்புறம் அதை உண்டாக்கின மனிதருக்குக் கடிதம் எழுதி, வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு, அவர் சரி என்று சொல்லி, ஒருத்தர் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருத்தர் அதைத் திரும்ப இங்கிலீஷாக்கி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து. எவ்வளவு பாடு. ஒரு நாள் போனில், "அம்மா, ஒருத்தருக்கு ஒரு காரியம் நடந்தா நல்லதுன்னு தோணுது, ஆனா வெளியில சொல்ல முடியல. அதை நீ எப்படிச் சொல்லுவ" என்று கேட்டாள். அப்போது அன்னபாக்கியம் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுப் புண்ணில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள், போனைக் கழுத்தில் இடுக்கியபடி. "தேவலைன்னு சொல்லுவோம். ஏன் கேக்க" என்றாள். "சும்மாத்தாம்மா." வீட்டில் நோயாளியை வைத்துப் பார்க்கிறவர்களின் களைப்பு பற்றித்தான் மகளின் ஆராய்ச்சி. அதற்கு வெளியே எங்கெங்கோ ஆள் தேடினாள். ஆஸ்பத்திரி வாசலில், பிசியோதெரபி நடக்கிற இடத்தில். வீட்டுக்குள் ஒருத்தி இருக்கிறாள் என்று போன வாரம்தான் தோன்றியிருக்கிறது. அதுவும் ஒத்திகைக்கு. "நீயும் அந்த மாதிரி ஆளுதானம்மா, எங்கயாவது வாசகம் புரியாம இருந்தாச் சொல்லு" என்றாள். நீயும் அந்த மாதிரி ஆளுதான். அன்னபாக்கியத்துக்கு அதைக் கேட்டபோது அடுப்பில் என்ன வைத்தோம் என்பதே மறந்துபோயிற்று.

தாள்களை எண்ணிக் கொடுத்துவிட்டு மறுபடியும் பீரோவைப் பூட்டிய சண்முகவடிவு மேடம் புளியோதரை மணக்கிற கையோடு வந்து, "அம்மா, நல்லா எழுதிருங்க. நீங்க மார்க்கு எடுத்தாத்தான் உங்க மகளுக்கு டாக்டர் பட்டம்" என்றாள். பியூலா, "மேடம், அவங்களப் பயமுறுத்தாதீங்க, இதுல சரி தப்பே கிடையாது" என்றாள். "எங்கம்மால்லாம் இதுல உக்காந்தா பேப்பரே பத்தாது, எங்கப்பாவப் பத்தி எக்ஸ்ட்ரா ஷீட் வாங்கிருவாங்க" என்று சொல்லிக்கொண்டே மேடம் தன் இடத்துக்குப் போய்விட்டாள். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் சரி தப்பே இல்லாத ஒன்றுக்கு எதற்குத் திருத்துகிற அட்டை. அந்த அட்டை பியூலாவின் மேஜையில் குப்புறக் கிடந்தது. பழுப்பு நிறம், வரிசை தப்பி வரிசை தப்பி ஓட்டைகள், இடியாப்ப உரலின் அடித்தட்டு மாதிரி, ஆனால் அதுபோல் ஒழுங்கில்லை. எந்த ஓட்டைக்குள்ளே என்ன தெரியுமோ. சின்ன வயதில் சபையின் ஓய்வுநாள் பாடசாலையில் வருஷத்துக்கு ஒரு பரீட்சை வரும், எது நன்மை எது தீமை என்று கேட்டிருக்கும், அன்னபாக்கியம்தான் எப்போதும் முதல். பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர் இன்னும் இருக்கிறது, அதில்தான் அவருக்கு மாத்திரையைப் பொடித்துக் கரைப்பது. அங்கே யாரும், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை. எப்படி இருக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

காலையில் எழுந்திருக்கும்போதே களைப்பாக இருப்பதுண்டு. உண்டு, இல்லை என்று எதிரே இரண்டு சொற்கள், ஒன்றைச் சுற்றி வட்டம் போட வேண்டும். பென்சில் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. எழுந்திருப்பது என்றால் முதலில் தூங்கியிருக்க வேண்டும் அல்லவா. அவர் இழுக்கிற மூச்சுக்கு ஒரு காதைக் கொடுத்துவிட்டு மற்றக் காதால் தூங்குகிறது தூக்கத்தில் சேர்த்தியா. ஆனால் போதகர் ஐயா வீடு சந்திக்க வரும்போது, "எப்படிம்மா இருக்கீங்க" என்பார், "கர்த்தர் பெலன் தாராரு ஐயா" என்று வாய் தானாகச் சொல்லும். பெண்கள் சங்கத்தில் சாட்சி சொல்ல எழுப்பினால் அதையே கொஞ்சம் நீட்டிச் சொல்வாள், சொல்லும்போது குரல் தழுதழுக்கும், எல்லாரும் கண்ணைத் துடைப்பார்கள். பெலன் தருகிறார் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து களைப்பு உண்டு என்று போட்டால் அவரைப் பொய்யராக்கின மாதிரி ஆகாதா. இல்லை என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள். போட்டதும் கை லேசாகிவிட்டது. அப்புறம் எல்லாம் எளிதாகத்தான் போயிற்று. சாப்பாடு ருசிப்பதில்லை, இல்லை. தனியாக உட்கார்ந்து அழுவதுண்டு, இல்லை. நான் யார் மீதும் கோபப்பட்டதே இல்லை என்று ஒரு வாசகம் நடுவில் வந்தது, அதற்கு உண்டு போட்டால் கோபப்படவில்லை என்று அர்த்தமா கோபப்பட்டேன் என்று அர்த்தமா என்று தடுமாறி, பக்கத்திலேயே அதற்கு மட்டும் ஆம், அல்ல என்று வேறு சொற்கள் இருப்பதைக் கண்டு, ஆம் என்று போட்டாள். பிறரைப் பற்றிப் புறம் பேசியதே இல்லை, ஆம். கொடுத்த வாக்கை ஒரு தடவைகூட மீறியதில்லை, ஆம். இருக்க வேண்டியபடி இருந்தால் மகளுக்கு நல்லது. நூலகத்துக்காரி விளையாட்டுக்குச் சொன்னாலும் அதில் ஏதோ இருக்கத்தான் செய்யும்.

தாளின் அடிப்பாகத்துக்கு வந்தபோது அது இருந்தது. இவருடைய காலம் முடிந்தால் தேவலை என்று நினைத்ததுண்டு. தேவலை. அவள் வாயிலிருந்து எடுத்த சொல். கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டு, மருந்து விரலோடு சொன்ன சொல். இதற்குத்தான் கேட்டாளா. பென்சில் முனை தாளில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நின்றது. அவர் கண்டக்டர். விசில் வேண்டாம் அவருக்கு, ரைட் என்று ஒரு சத்தம் போட்டால் டிரைவருக்கு மட்டுமில்லை, ரோட்டோரக் கடைக்காரனுக்கும் கேட்கும். வாதம் வந்து பேச்செல்லாம் போனபோது அந்த ஒரு சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. தண்ணீருக்கும் ரைட், வலிக்கும் ரைட், கொசு கடித்தாலும் ரைட். எந்த ரைட் எதற்கு என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். கோயம்புத்தூரிலிருந்து வருகிற மகன் கிங்ஸ்லிக்குத் தெரியாது, அவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சரிப்பா சரிப்பா என்று அழுதுவிட்டுப் போவான். ஒரு மத்தியானம், வெளியே துணி எடுக்கப் போகலாம் என்று வாளியோடு கட்டிலைத் தாண்டும்போது, அவர் மூச்சு நின்றது. அப்படி நிற்கும், டாக்டர் சொல்லியிருக்கிறார், தூக்கத்தில் நின்றுவிட்டுத் திரும்ப வரும். அவள் வாளியோடு நின்றாள். வீடு அப்படியே அடங்கிப்போயிற்று. கடைசி பஸ்ஸும் போன பிறகு ஸ்டாண்டு கிடக்குமே, தரை குளிர்ந்து, ஒரு ஆளும் இல்லாமல், அப்படி. அந்த அமைதிக்குள்ளே அவள் நன்றாகத் தூங்கிவிட்டவள் போல் இருந்தாள். அப்புறம் தொண்டை கரகரத்து மூச்சு வந்துவிட்டது. வந்ததும் தன் நெஞ்சுக்குள் விழுந்தது என்ன என்று அவள் அன்றைக்குப் பார்க்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு துணி எடுக்கப் போய்விட்டாள். கொடியில் அவர் சட்டை, ஒரு கையைக் கிழித்து நாடா தைத்த சட்டை, ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஜெபத்தில் முழங்கால் போட்டாள், வாய் ஓடியது, காலி பஸ் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது, ஏறுவாரும் இல்லை இறங்குவாரும் இல்லை. ஆண்டவரே இவரைத் தொட்டுச் சுகமாக்கும் என்று முதல் வருஷம் கேட்டாள். அப்புறம் உம்முடைய சித்தம் என்றாள். சித்தம் என்று சொல்லும்போது அதற்கு அடியில் தானே வைத்திருக்கிற சித்தம் வேறு ஒன்று என்று தெரிந்த நாளிலிருந்து சொல் வரவில்லை. ஆனாலும் முழங்கால் போடுகிறாள். போடாவிட்டால் மைனி கேட்பாள், ஏன் இன்னைக்கு ஜெபம் பண்ணலையா என்று.

இதை எப்படி ஒரு வட்டத்துக்குள் போடுவது. அதுவும் அந்தக் குண்டு எழுத்துக்காரி பார்க்கிற தாளில். பார்த்தால் என்ன செய்வாள் என்பது அன்னபாக்கியத்துக்கு எழுதி வைத்த மாதிரி தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டாள். ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு பெட்டியோடு வந்து நிற்பாள். அவர் விழுந்த இரண்டாம் வருஷமே அப்படித்தான் வந்தாள், "நான் அப்புறம் படிச்சிக்கிடுதேன்" என்று. "நீ படிக்காம இங்க வந்து பீத்துணி அலசவா உங்கப்பா ராப்பகலா பஸ்ல நின்னாரு, போ" என்று திட்டித் திருப்பி அனுப்பினாள். வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் விட்டாள். அது கோபம் இல்லையா. அது கோபத்தில் சேராது. தலையைத் தூக்கி எதிர் மேஜையைப் பார்த்தாள். பியூலா ஒரு பக்கத்தையும் திருப்பவில்லை, படிக்கிற மாதிரி வைத்திருந்தாள். குனிந்த தலையின் வகிட்டில் ஒரு நரை. முப்பது வயதுப் பிள்ளைக்கு நரை. அன்னபாக்கியம் அந்த வாசகத்துக்கு எதிரே இல்லை என்பதைச் சுற்றிக் கெட்டியாக வட்டம் போட்டாள். இன்னும் ஒரு தரம் அதன் மேலேயே சுற்றினாள், வட்டம் தடித்து, தாள் லேசாகக் கிழிந்தது.

பியூலா தாளை வாங்கி ஓட்டை போட்ட அட்டையை மேலே வைத்து ஓரத்தைத் தட்டி நேராக்கினாள். ஓட்டைகளுக்குள் ஒரு வட்டமும் தெரியவில்லை. வெறும் வெள்ளை. அதை எடுத்துவிட்டு இன்னொரு சின்ன அட்டையை வைத்தாள், அதில் ஓட்டைகள் கொஞ்சம்தான், ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு வட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. அட, எல்லாம் சரியாகிவிட்டது என்று அன்னபாக்கியத்துக்கு ஒரு கணம் டம்ளர் வாங்கின சந்தோஷம் வந்தது. பியூலா முதலில் சிரித்தாள். "அம்மா, நீ யார் மேலயும் கோவப்பட்டதே இல்லியா. அன்னைக்கு கேஸ் சிலிண்டர்காரன் கேட்டத் தொறந்து போட்டுட்டுப் போனதுக்கு என்ன சொன்ன." "அது அவனுக்குச் சொல்ல வேண்டியது." "புறணியே பேசினதில்ல. கனகமணி அத்தையப் பத்தி வர்ற வழியில பஸ்ல யாரு பேசினா." "அது புறணியாட்டி. உள்ளதச் சொன்னேன்." சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அட்டையைக் கையில் வைத்தபடியே பியூலா தாளைப் பார்த்தாள், அடியில் கிழிந்த இடத்தை விரலால் தடவினாள். "இந்தச் சின்ன அட்டை எதுக்குன்னா, பதில் சொல்றவங்க நிஜமாச் சொல்றாங்களா, நல்லவங்களாத் தெரியணும்னு சொல்றாங்களான்னு பாக்கதுக்கும்மா. இதுல இவ்வளவு வந்தா அந்தத் தாளச் சேக்க முடியாது. பரவால்ல. ஒத்திகைதான. என் கைடு பாத்தாருன்னா இந்தம்மா வீட்டுல நோயாளியே இல்லம்பாரு."

நோயாளியே இல்லை. அன்னபாக்கியம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளிர்காற்று பிடரியில் விழுந்துகொண்டிருந்தது. தாள் போனால் நல்லதுதானே, கிழித்துப் போட்டுவிடுவாள், பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம், அவருக்குச் சாயங்காலக் கஞ்சிக்கு நேரமாகிவிட்டது. நினைத்ததெல்லாம் நடந்துவிட்டது, மகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கால் தரையில் இருக்கிறது, கை மேஜையில் இருக்கிறது, ஒன்றையொன்று கூப்பிடவில்லை. நோயாளியே இல்லை. கட்டிலில் கிடக்கிற ஆளை அவளே வட்டம் போட்டு அழித்துவிட்டாள். இழுக்கிற மூச்சை, ரைட்டை, வாளியோடு நின்றதை. மூச்சு திரும்ப வந்தபோது நெஞ்சில் விழுந்ததைவிட இந்தப் பாவம் பெரிதா சிறிதா. எத்தனை வருஷமாகச் சாட்சி சொல்கிறாள், ஒருத்தரும் அதன் மேல் ஒரு அட்டையை வைத்துப் பார்த்ததில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். வெறும் அட்டை, பூட்டின பீரோவில் தூசியோடு கிடந்தது, அது வந்து, இது நீ இல்லை என்று சொல்கிறது. சுள்ளென்று இருக்க வேண்டும். இல்லை. யாரோ வந்து கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. பிள்ளை ராத்திரியெல்லாம் தேடித் தேடிக் கண்டுபிடித்தது இதற்குத்தானா, உள்ளதைச் சொல்லத்தானா. பெட்டியோடு வந்து நின்றால் நிற்கட்டும். மறுபடியும் திட்டி அனுப்பத் தெரியாதா. அதற்குப் பெலன் இருக்கும். இதை ஒளித்து வைப்பதற்குத்தான் இனிமேல் பெலன் இல்லை.

"இன்னொரு தாளு குடுப்பாங்களா" என்றாள்.

"எதுக்கும்மா, வேணாம், நேரமாச்சு. அத்தை தேடுவாங்க."

"தேடட்டும். கேட்டு வாங்கு."

சண்முகவடிவு மேடம் பீரோவைத் திறந்துகொண்டே, "என்னம்மா, சப்ளிமெண்டரியா" என்றாள். அன்னபாக்கியம் சிரித்தாள். பியூலா புதுத் தாளைக் கொண்டுவந்து வைத்து, பென்சிலை எடுத்துக் கொடுத்தாள். அன்னபாக்கியம் வாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்துக் கூட்டுக்குள் போட்டாள். பக்கத்து நாற்காலியை இழுத்துத் தட்டினாள்.

"நீ வாசி. நான் சொல்லுதேன். நீயே வட்டம் போடு."

பியூலா அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததில் இருவர் முழங்கையும் இடித்துக்கொண்டன. காலையில் எழுந்திருக்கும்போதே களைப்பாக இருப்பதுண்டு என்று வாசித்தாள், வகுப்பில் வாசிக்கிற குரலில். உண்டு. சாப்பாடு ருசிப்பதில்லை. உண்டு. தனியாக உட்கார்ந்து அழுவதுண்டு. "உக்காந்து இல்ல, நின்னுகிட்டு. பாத்திரம் கழுவும்போது. அதுவும் சேத்தியா." சேர்த்திதான். யார் மீதும் கோபப்பட்டதே இல்லை. அல்ல. "உன் மேலயும்தான்" என்று சேர்த்துச் சொன்னாள். பியூலாவின் பென்சில் வட்டம் போட்டுக்கொண்டே வந்தது, சின்னச் சின்ன வட்டம், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் அதிகமாக நேரம் எடுத்துக்கொண்டு. குரல் இப்போது வகுப்புக் குரலாக இல்லை. தாளின் அடிப்பாகம் நெருங்க நெருங்க அது மெலிந்துகொண்டே போனது. அந்த வாசகத்துக்கு முன்னால் நின்றுவிட்டது.

"இத விட்டுருவோமாம்மா."

"வாசி."

"இவருடைய காலம் முடிந்தால்..." பியூலா எச்சில் விழுங்கினாள். அவளுடைய தொண்டை ஒரு தரம் ஏறி இறங்குகிறவரை அன்னபாக்கியம் பார்த்துக்கொண்டிருந்தாள். மீதியை மகள் வாசிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

"உண்டு" என்றாள்.

பென்சில் அசையவில்லை. அன்னபாக்கியம் முந்தானையை ஒரு பக்கம் விரித்து மகளின் தோளையும் சேர்த்துப் போர்த்தினாள்.

"போடு மக்கா" என்றாள். "வட்டம் போடு."